மொட்டை மாடியில் டிரோன் இறங்கலாமா? சென்னைக் குடியிருப்பு ஒன்றில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரியில் 84 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் வழக்கமாக அடிபடுவது மூன்று விஷயங்கள்: தண்ணீர் லாரி, கார் நிறுத்துமிடம், லிப்ட். சென்ற மாதம் நான்காவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ஐந்தாம் மாடி இளைஞர் எழுந்து, “மொட்டை மாடியில் ஒரு மூலையை டிரோன் இறங்குவதற்கு ஒதுக்கிவைக்கலாமே, நாளைக்கு ஏர் டாக்சியே வந்தாலும் வரும்” என்றார். “அது நான் வடகம் போடும் மூலை” என்று மூன்றாம் மாடி அம்மாள் சொன்னதும் கூட்டம் களைகட்டிவிட்டது. இரண்டு மணி நேரம் பேசினோம். லிப்ட் அப்படியே நின்றுபோனது, விவாதத்திலும் சரி, நிஜத்திலும் சரி.

அன்று எழுந்த கேள்விகளையும் பிறகு வாட்ஸ்அப் குழுவில் வந்தவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளன். வானத்தைப் பற்றிப் பேசும்போதும் தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்றுதான் என் புத்தி முதலில் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரோன், ஏர் டாக்சி இரண்டும் ஒன்றா?

இல்லை. ஆள் ஏறாமல், தொலைவிலிருந்தோ கணினி வழியாகவோ இயக்கப்படுவது டிரோன். நம் நாட்டுச் சட்டம் அதை எடையை வைத்து ஐந்து வகையாகப் பிரிக்கிறது. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. கல்யாண வீட்டில் தலைக்கு மேல் ரீங்காரமிடுவது பெரும்பாலும் முதல் இரண்டு வகை.

ஏர் டாக்சி என்பது ஆளைச் சுமப்பது. மின்சாரத்தில் ஓடும், பல சுழலிகள் இருக்கும், ஹெலிகாப்டர் போல நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்பும். மேலே போனதும் பெரும்பாலான வடிவமைப்புகள் இறக்கையை நம்பி விமானம் போலப் பறக்கும். இரண்டிலிருந்து ஐந்து பேர் உட்காரலாம்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ‘பறக்கும் ரயில்’ என்று பெயர் வைத்து, தூணின் மேல் ஓடும் ரயிலில் 1995 முதல் போய்வருகிறவர்கள் நாம்.

இதெல்லாம் சென்னைக்கு எப்போது வரும்?

டிரோன் வந்தாயிற்று. கால்வாய்களில் கொசுப்புழு மருந்து தெளிக்க மாநகராட்சி அதைப் பயன்படுத்தியிருக்கிறது. 2023-இல் அடையாற்றில் காவல் துறை ஒரு டிரோன் பிரிவைத் தொடங்கியது. நில அளவை, கட்டுமான மேற்பார்வை, கோயில் திருவிழாப் படப்பிடிப்பு எல்லாவற்றிலும் அது புழக்கத்தில் இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் பல ஆண்டுகளாக டிரோன் கட்டிவருகிறார்கள். இதற்கென்றே தமிழ்நாடு அரசு ஆளில்லா வான்கலங்களுக்கான ஒரு கழகத்தையும் நடத்துகிறது.

ஏர் டாக்சி வரவில்லை. ஆனால் அதைக் கட்ட முயல்கிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் வானூர்திப் பொறியியல் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தி தொடங்கிய ‘இ-பிளேன்’ நிறுவனம், நெரிசலான இடத்திலும் இறங்கும்படி சிறிய உடலமைப்புள்ள ஒரு மின்சார வானூர்தியை உருவாக்கிவருகிறது. 2025 பிப்ரவரியில் 788 வான் ஆம்புலன்ஸ்களுக்கான ஒப்பந்தத்தை அறிவித்தது. டாக்சிக்கு முன் ஆம்புலன்ஸ் என்ற வரிசையைக் கவனியுங்கள். அது சரியான வரிசை என்பது என் எண்ணம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இண்டிகோவின் தாய் நிறுவனமான இன்டர்குளோபும் அமெரிக்க ஏர் டாக்சி நிறுவனமான ஆர்ச்சரும் 2023 நவம்பரில் ஒரு திட்டம் சொன்னார்கள். டெல்லி கன்னாட் பிளேசிலிருந்து குருகிராமுக்கு 7 நிமிடம், 2026-இல் தொடக்கம். அடுத்த நகரங்களாகச் சொன்னவை மும்பை, பெங்களூரு. சென்னையின் பெயர் இல்லை. வருத்தப்படவும் வேண்டாம். பாரிஸ் ஒலிம்பிக்கில் பயணிகளை ஏற்றிப் பறப்போம் என்று சொன்ன ஜெர்மனியின் வோலோகாப்டர் 2024-இல் அதைச் செய்ய முடியாமல், அந்த ஆண்டு டிசம்பரிலேயே திவால் மனு கொடுத்தது. இன்னொரு ஜெர்மன் நிறுவனமான லிலியம் அதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த வழியில் போயிருந்தது. இந்தத் துறையில் தேதி சொல்கிறவர்களை, ‘ஆடி போய் ஆவணி வரட்டும்’ என்று சொல்லும் கடன்காரரைப் போலவே நான் நம்புகிறேன்.

ஒரு பெருமையைச் சொல்லிக்கொள்ளலாம். 1910-இல் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஒரு விமானம் கட்டி, பல்லாவரத்தில் பறக்கவிட்டார். பிறகு ஐலண்ட் கிரவுண்டில் டிக்கெட் போட்டு மக்களுக்குக் காட்டினார். சென்னைக்கு வானத்தின் மேல் ஆசை புதிதல்ல.

எங்கள் மாடியிலிருந்து என் பையன் டிரோன் பறக்கவிடலாமா?

வேளச்சேரியிலா? கூடாது.

2021 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறையில் உள்ள டிரோன் விதிகள், வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சையில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்க இயலாது. ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தில் உள்ள வரைபடத்தில் உங்கள் தெருவைத் தேடினால் நிறம் தெரிந்துவிடும். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 5 கி.மீ.க்குள் சிவப்பு, 5 முதல் 8 கி.மீ. வரை மஞ்சள். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் போனால் மஞ்சள். இந்த மூன்று வட்டங்களையும் சென்னை வரைபடத்தில் வரைந்து பாருங்கள். கிண்டி, வேளச்சேரி, மடிப்பாக்கம், தி.நகர், மயிலாப்பூர், அண்ணா நகர் என்று நகரத்தின் தெற்கிலும் மேற்கிலும் பெரும்பகுதி ஏதோ ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தாம்பரம் விமானப்படைத் தளம் வேறு இருக்கிறது.

எங்கள் குடியிருப்பிலேயே இரண்டு வருடம் முன்பு ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வந்த படப்பிடிப்பாளர், மாடியிலிருந்து டிரோனை ஏற்றினார். அது தண்ணீர்த் தொட்டியின் குழாயில் மோதி, தொட்டிக்குள்ளேயே விழுந்தது. தொட்டியைக் காலி செய்து கழுவினோம். அந்தக் கோடையில் இரண்டு லாரித் தண்ணீர் வீண். அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டதற்கு, “விசேஷ வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையே சார்” என்றார். வீட்டுக்காரருக்கு வானம் சொந்தமில்லை என்பது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

பச்சை மண்டலத்தில் வசிக்கும் உறவினர்களுக்கு ஒரு குறிப்பு. 2 கிலோ வரையுள்ள டிரோனை, பணம் வாங்காமல், பொழுதுபோக்காகப் பறக்கவிட, டிரோனை இயக்குபவருக்கான சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் பறக்கவிட்டால், 250 கிராமைத் தாண்டிய எதற்கும் சான்றிதழ் வேண்டும். நானோவைத் தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடும் கட்டாயம், மோட்டார் வாகனங்களுக்கு இருப்பதைப் போல. விதி மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். வெளிநாட்டிலிருந்து வரும் மைத்துனரிடம் டிரோன் வாங்கிவரச் சொல்லாதீர்கள். 2022 பிப்ரவரி முதல் முழு டிரோன்களின் இறக்குமதிக்குத் தடை. பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. விமான நிலையத்தில் பறிகொடுத்துவிட்டு என்னிடம் வந்து பயனில்லை.

மாடியில் துணி காயப்போடுகிறேன், மேலே கேமராவோடு ஒன்று நின்று பார்க்கிறது. என்ன செய்வது?

வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாரும் பெண்கள். கூட்டத்தில் யாருமே கேட்கவில்லை. அதுவே ஒரு செய்தி.

சென்னையில் மொட்டை மாடி வெறும் கூரை அல்ல. கோடையில் படுக்கை அறை, தேர்வுக் காலத்தில் படிக்கும் அறை, பெண்கள் தலையை உலர்த்திக்கொள்ளும் இடம், ரகசியம் பேசும் இடம். பக்கத்துக் கட்டடம் உயரமாக எழும்பினால் ஜன்னலுக்குத் திரை போடலாம். வானத்துக்கு என்ன திரை போடுவது?

சட்டம் துணைக்கு வருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு பெண்ணை அவள் தனிமையில் இருக்கும்போது ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். கையில் இருப்பது செல்போனா டிரோனா என்பது அங்கே முக்கியமில்லை. நேரம், திசை இரண்டையும் குறித்துக்கொண்டு, முடிந்தால் ஒரு வீடியோ எடுத்து, 100-க்குக் கூப்பிடுங்கள். டிரோன் எங்கே திரும்பி இறங்குகிறது என்று பார்ப்பதுதான் மிக முக்கியம். ஆள் அங்கே இருப்பான்.

கல் எறியாதீர்கள். தென்னை மட்டையால் அடித்துத் தள்ளுகிறேன் என்று நான்காம் மாடிப் பெரியவர் சொன்னார். சுற்றும் விசிறியோடு அது கீழே தெருவில் போகிறவர் மேல் விழுந்தால், குற்றவாளி நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

பிரியாணி டிரோனில் வருமா?

வரலாம். வந்தாலும் உங்கள் வீட்டு வாசலுக்கு வராது. சீனாவின் ஷென்சென் நகரில் மெய்துவான் நிறுவனம் 2021 முதல் டிரோனில் உணவு அனுப்புகிறது. அங்கே கடையிலிருந்து ஏவுமிடம் வரை ஒரு மனிதர் கொண்டுபோகிறார். டிரோன் ஒரு பொதுப் பெட்டியில் இறக்கிவிட்டுப் போகிறது. நீங்கள் இறங்கிப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். சோம்பலுக்காகத்தான் வீட்டுக்கு வரவழைக்கிறோம்; அந்தச் சோம்பலுக்கே வேட்டு.

நம் குடியிருப்பில் இன்றைக்கே உணவு கொண்டுவரும் தம்பிகள் அதிக நேரம் தொலைப்பது சாலையில் அல்ல. வாயிலில் பெயர் எழுதி, எந்தப் பிளாக் என்று தேடி, நிற்கும் லிப்டுக்காகக் காத்திருப்பதில்தான். டிரோன் இதில் எதையும் குறைக்காது. அவர்களில் ஒருவர் வாட்ச்மேனிடம், “எங்கள் பிழைப்பு போய்விடுமா அண்ணா?” என்று கேட்டாராம். இப்போதைக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல, கணக்கு.

அமெரிக்காவில் டெக்சாஸின் காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் அமேசான் டிரோன் சேவை நடத்தியபோது, சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்பவர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். அது விசாலமான தோட்ட வீடுகள் உள்ள சிறிய ஊர்.

அப்படியென்றால் எதற்குத்தான் டிரோன்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் 2016 அக்டோபர் முதல் ஜிப்லைன் நிறுவனம் டிரோன் வழியாக ரத்தம் அனுப்புகிறது. மலைப்பாதையில் மணிக்கணக்கில் வர வேண்டிய ரத்தப் பை பாராசூட்டில் வந்து இறங்குகிறது. நம் நாட்டில் 2021-இல் தெலங்கானாவின் விகாராபாத்தில் மருந்து அனுப்பும் சோதனை நடந்தது. அதே ஆண்டு மணிப்பூரில் ஏரிக்கு நடுவே உள்ள கராங் தீவுக்குத் தடுப்பூசி பறந்தது. பொருள் சிறியது, அவசரம் பெரியது, இறங்குமிடம் முன்கூட்டியே தெரிந்தது. இந்த மூன்றும் சேரும் இடத்தில் டிரோனுக்கு மாற்று இல்லை.

சென்னையில் இது எங்கே பொருந்தும்? உறுப்பு தானத்தில். 2014 ஜூனில் சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள அரசுப் பொது மருத்துவமனையிலிருந்து அடையாறு பகுதி மருத்துவமனை ஒன்றுக்கு ஓர் இதயம் 14 நிமிடத்துக்குள் வந்தது. சுமார் 12 கி.மீ. வழியெங்கும் போக்குவரத்தை நிறுத்திப் பாதை அமைத்தார்கள். அன்றைய ஓட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் பத்துச் சந்திப்புகளில் காவலர்களை நிறுத்திச் செய்ய வேண்டிய வேலை அது. 2022-இல் சென்னையின் ஒரு மருத்துவமனை, உறுப்புகளை எடுத்துச் செல்லும் டிரோன் மாதிரி ஒன்றைக் காட்டியது. இரண்டு மருத்துவமனைகளின் மாடிகள், நடுவில் நிரந்தரமாக ஒதுக்கிய ஒரு வான்பாதை: இதுதான் நகரத்துக்குள் டிரோனுக்கு நான் கொடுக்கும் முதல் அனுமதிச் சீட்டு.

அடுத்தது கொசு. சிரிக்காதீர்கள். கால்வாயில் மண்டிக்கிடக்கும் ஆகாயத்தாமரைக்கு நடுவே படகும் போகாது, ஆளும் இறங்க முடியாது. ஆகாயத்தாமரைக்கு ஆகாயத்திலிருந்துதான் மருந்து. ஒரு தொழிலாளி கழுத்தளவு சாக்கடையில் இறங்காமல் இருப்பதற்கு எந்த இயந்திரம் உதவினாலும் நான் அதன் கட்சி.

வெள்ளத்தில் உதவுமா என்று கேட்டார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தளம் மூழ்கியபோது எல்லாரும் தேடியது பால், குடிதண்ணீர், செல்போனுக்குச் சார்ஜ். 84 வீட்டுக்கும் தலா ஒரு தண்ணீர் கேன் என்றால்கூட ஒன்றரை டன்னைத் தாண்டும். சிறிய டிரோன் தூக்குவது சில கிலோ. தண்ணீருக்குப் படகுதான். ஆனால் எந்தத் தெருவில் எத்தனை அடி நீர், எந்த மாடியில் ஆள் கை அசைக்கிறார், இன்சுலின் தீர்ந்த பாட்டி எந்த வீட்டில் இருக்கிறார் என்று அறிவதற்கும், அந்த ஒரு குப்பியைக் கொண்டுவந்து கொடுப்பதற்கும் டிரோனைப் போல வேறு எதுவும் இல்லை. மின்சாரம் போன மூன்றாம் நாள் அதற்கு யார் சார்ஜ் போடுவது என்பதை மட்டும் முதல் நாளே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து சிறுசேரி ஐ.டி. பூங்காவுக்கு எட்டு நிமிடத்தில் போகலாமாமே?

பறப்பதற்கு எட்டு நிமிடம்தான். நேர்கோட்டில் சுமார் 20 கி.மீ., மணிக்கு 150 கி.மீ. வேகம். அதே தூரத்துக்கு மாலையில் காரில் ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. இளைஞர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் கைதட்டல்.

நான் என் கணக்கைப் போட்டேன். விமானத்திலிருந்து இறங்கி, பெட்டி எடுத்து, ஏறுமிடத்துக்கு நடக்க 15 நிமிடம். சோதனை, எடை பார்த்தல், முன்னால் உள்ளவர் கிளம்பும்வரை காத்திருத்தல் எல்லாம் சேர்ந்து இன்னொரு 15. பறப்பது 8. இறங்கி, ஆட்டோ பிடித்து அலுவலக வாசலுக்குப் போக 10. மொத்தம் 48 நிமிடம். மிச்சம் சுமார் 40 நிமிடம். லாபம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 48-இல் 40 தரையில் போகிறது. அதைக் குறைக்கும் வித்தை எந்த வானூர்திக் கம்பெனியிடமும் கிடையாது. நடைபாதை, பஸ், ஷேர் ஆட்டோ நிற்க இடம், இவற்றில்தான் இருக்கிறது.

சென்னை இந்தப் பாடத்தைக் கற்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கத்தில் பிரம்மாண்டமான பஸ் நிலையத்தைத் திறந்தோம், பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாமல். நெல்லையிலிருந்து வந்து இறங்குகிறவர் வீடு போய்ச் சேரப்பட்ட பாடு ஊரறிந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் பாதை 5 கி.மீ.தான், 2008-இல் வேலை தொடங்கி, ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் நின்றது. முடிந்த தூண்களைப் பார்த்துக்கொண்டே எங்கள் குடியிருப்பில் குழந்தைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி நடந்தபோது வானத்தில் ஒரு பிசகும் இல்லை. வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து உயிர்கள் போயின. ரயில் நிலையங்கள் திணறின.

எத்தனை பேரைச் சுமக்கும் என்பதையும் பாருங்கள். நான்கு பெட்டி மெட்ரோ ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறலாம். நான்கு பயணிகள் போகும் ஏர் டாக்சி அதற்கு ஈடு கட்ட 250 தடவைக்கு மேல் பறக்க வேண்டும். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கு மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் 45 கி.மீ.க்கு மேல் பாதை போடுகிறார்கள். பழைய மாமல்லபுரம் சாலையின் நெரிசலைத் தீர்ப்பது அதுதான். டெல்லித் திட்டத்தில் 7 நிமிடப் பயணத்துக்கு 2,000 முதல் 3,000 ரூபாய் வரை என்று பேசப்பட்டது. மருத்துவ அவசரத்துக்கு அது பெரிய தொகையல்ல; டாக்சிக்கு முன் ஆம்புலன்ஸ் என்பது சரியான வரிசை என்று நான் சொன்னது இதனால்தான். தினசரி அலுவலகம் போக யாருக்குக் கட்டுப்படியாகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏர் டாக்சி நம் மாடியில் இறங்க முடியுமா?

என் துறைக் கேள்வி. முடியாது.

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்குத்தான் வழக்கமாக வடிவமைக்கிறோம். ஜோபி என்ற அமெரிக்க ஏர் டாக்சியின் எடை இரண்டு டன்னுக்கு மேல். அது மூன்று சக்கரங்களில், மூன்று சிறு புள்ளிகளில் இறங்கும். அதுவும் பூப்போல இறங்கும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. தொட்டியும் சூரியத் தகடும் வைத்த பிறகு மிச்சமிருக்கும் பலத்தை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு வேண்டாம். பேட்டரி தீப்பிடித்தால் அணைக்கவும், ஆட்கள் இறங்க இரண்டாவது படிக்கட்டுக்கும், சுற்றிலும் மரமோ கேபிளோ இல்லாத ஏற்ற இறக்கப் பாதைக்கும் வழி வேண்டும். இத்தகைய இறங்குதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் 2024-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைப் படித்தால் நம் மாடி எந்தத் தேர்விலும் தேறாது.

ஒரு பழைய கதையும் உண்டு. நியூயார்க்கில் பான் ஆம் கட்டடத்தின் உச்சியிலிருந்து விமான நிலையத்துக்கு ஹெலிகாப்டர் விட்டார்கள். 1977 மே 16 அன்று, நின்றுகொண்டிருந்த ஹெலிகாப்டரின் சக்கரத் தாங்கி முறிந்து சாய்ந்தது. சுழலி இறகு மாடியில் நான்கு பேரைக் கொன்றது. உடைந்த துண்டு கீழே தெருவில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் உயிரையும் எடுத்தது. அந்த மாடி அதோடு மூடப்பட்டது. பறக்கும்போது நடந்த விபத்துகூட அல்ல, நின்ற இடத்தில் நடந்தது. டிக்கெட் வாங்காதவளும் அதில் செத்தாள்.

சத்தம் எப்படி இருக்கும்?

ஹெலிகாப்டரைவிடக் குறைவு. 500 மீட்டர் உயரத்தில் பறந்த ஜோபியின் ஒலி தரையில் சுமார் 45 டெசிபல் என்று நாசாவுடன் சேர்ந்து அளந்தார்கள். நம் நாட்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அனுமதிக்கும் அளவும் 45-தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது மேலே கடந்து போகும்போது உள்ள கணக்கு. இறங்குதளத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கப்போவது இறங்கும், ஏறும் சத்தத்தை, ஒரு நாளைக்கு நூறு தடவை. ஹாரன் சத்தத்தில் பிறந்து வளர்ந்த சென்னைக்கு இது பெரிதா என்று ஒருவர் கேட்டார். ஹாரனுக்குப் பழகிய காது, கொசுவின் ஒற்றை ரீங்காரத்துக்கு விழித்துக்கொள்கிறதே, ஐயா.

மழை, புயல், காக்கை, மாஞ்சா?

2015-இலும் 2023-இலும் பெரிய விமானங்களுக்கே மீனம்பாக்கத்தை மூட வேண்டியிருந்தது. சிறிய டிரோன்கள் மணிக்கு 35, 40 கி.மீ. காற்றிலேயே தள்ளாடும். மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்று நமக்கு வரம், அதற்குச் சோதனை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எத்தனை நாள் சேவையை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாத எந்தத் திட்டத்தையும் நம்பாதீர்கள். வெயிலும் எதிரிதான்: சூடான காற்று அடர்த்தி குறைந்தது, சுழலிக்குப் பிடி கிடைக்காது, பேட்டரியும் சூட்டில் சுணங்கும்.

பறவைகள் விஷயம் எங்களுக்கு நெருக்கமானது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம் எங்களுக்குப் பக்கத்தில். குளிர்காலத்தில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வருகின்றன. சிறுசேரிக்கு நேர்கோடு போடும் எவரும் அந்த நிலத்தின் மேல் கோடு போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காக்கையும் பருந்தும் கூடு கட்டும் பருவத்தில் டிரோனை விரட்டிக் கொத்தும். மாஞ்சா நூல் தடை செய்யப்பட்டும் வட சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கிறது. பைக்கில் போகிறவர் கழுத்தை அறுக்கும் நூலுக்குச் சுழலி எம்மாத்திரம்.

பாதி வழியில் பேட்டரி தீர்ந்தால்?

தீரும்வரை பறக்க விதி விடாது. மிச்ச இருப்போடு இறங்கியாக வேண்டும். பல சுழலிகள் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றவை தாங்கும். அடிப்படைச் சிக்கல் வேறு. ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் 250 சொச்சம். அதனால்தான் இவை ஊருக்குள் சுற்றுவதோடு சரி, மதுரைக்குப் போகாது.

யார் முடிவெடுப்பார்கள்? நம்மைக் கேட்பார்களா?

வானம் மத்திய அரசுடையது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நிலம் மாநிலத்துடையது. இறங்குதளம் எங்கே, அதற்குப் பாதை எங்கே, எந்தத் தெருவின் மேல் வழித்தடம் என்பதில் மாநகராட்சி, பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., போக்குவரத்துக் குழுமம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. நமக்கு மிக அருகில் இருப்பவர் வார்டு கவுன்சிலர். எங்கள் கவுன்சிலரிடம் பேசினேன். “முதலில் மழைநீர் வடிகால் முடியட்டும் சார்” என்றார். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

கேட்கும்போது ஒன்றை மட்டும் கேட்கச் சொல்வேன்: நேரம் மிச்சமாவது யாருக்கு, சத்தம் யாருக்கு? இரண்டும் ஒரே ஆளுக்கு என்றால் அவர் தீர்த்துக்கொள்வார். பயணி பணக்காரர்கள் வாழும் போட் கிளப்பிலும் சத்தம் ஏழைகள் வாழும் கண்ணகி நகரிலும் என்றால், வழித்தடத்தை மாற்றச் சொல்ல வேண்டும்.

கடைசியில் அந்த மாடி மூலை என்ன ஆயிற்று?

இளைஞர் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் எங்கள் தெருவைத் தேடிப் பார்த்தார். சிவப்பு. கோரிக்கையை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அம்மாள் அவருக்கு ஒரு டப்பா வடகம் கொடுத்தனுப்பினார். அடுத்த கூட்டம் ஞாயிறு காலை 10 மணிக்கு. முதல் பொருள், லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம்.